கான்வென்ட் மலரில் பையன்கள் பெயரும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மலைப்பகுதிப் பெண்கள் பள்ளிகளின் ஆண்டு மலர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். 'புகழ்பெற்ற முன்னாள் மாணவியர்' பக்கத்தில் அங்கே படித்த ஆண்களுக்கும் இடம் வேண்டும். உதகை, குன்னூர்ப் பக்கம் அக்கா படிக்கும் கான்வென்ட்டிலேயே, அதாவது கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளியிலேயே, தம்பியையும் கீழ் வகுப்பில் சேர்ப்பது எஸ்டேட் குடும்பங்களிலும், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவ முகாம் குடும்பங்களிலும் இருந்த வழக்கம். பிறகு பையன் 1888-ல் தொடங்கிய குன்னூர் செயின்ட் ஜோசப் போன்ற பள்ளிக்கு மாறிவிடுவான். பெருமை முழுவதும் இரண்டாவது பள்ளிக்கே போய்விடும்.

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் எட்டு வயதில் சில மாதங்கள் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அது கத்தோலிக்கப் பள்ளி அல்ல. ஆனாலும் சிறு பையன்களைச் சேர்த்துக்கொண்டது. அவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தச் சில மாதங்களையும் விடாமல் குறிக்கிறார்கள். நாமும் அப்படியே குறிக்கலாம், ஆதாரத்தோடு.

ஆதாரம் என்பது சேர்க்கைப் பதிவேடு. 'அவர் கான்வென்ட்டில் படித்தவர்' என்ற பேச்சை நம்பி அச்சிடக் கூடாது. நம் ஊர்ப் பேச்சில் ஆங்கில வழிப் பள்ளி எல்லாமே கான்வென்ட்தான். வருகைப் பதிவேடுகளைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவார்கள், சேர்க்கைப் பதிவேடு நிரந்தரம். அதில் சேர்ந்த நாள், வகுப்பு, தந்தை பெயர், விலகிய நாள், டிசி எண் இருக்கும். எல்கேஜி, யுகேஜிக்குப் பல இடங்களில் தனி நோட்டு. பையன்கள் பெரும்பாலும் அதில்தான் இருப்பார்கள். பெரிய பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு 'இல்லை' என்று மூடிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பெயரில்தான் சிக்கல் அதிகம். படுகர் குடும்பங்களில் தாத்தா பெயர் பேரனுக்கு வரும். பெள்ளி, நஞ்சன், போஜன் என்று ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தந்தை பெயரும் ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரும் பொருந்தினால் மட்டுமே ஒரே ஆள் என்று கொள்ளலாம். பழைய பதிவுகளில் ஐரோப்பியக் கன்னியர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களும் உண்டு, ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டையும் பெற்றோர் பெயரோடு ஒப்பிடலாம். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். வயது போதாத பிள்ளைக்குச் சில மாதம் கூட்டிச் சொல்லிச் சேர்த்த காலம் அது.

அடுத்து, பையன் போய்ச் சேர்ந்த பள்ளியில் 'முன்பு படித்த பள்ளி' என்ற கலத்தைப் பாருங்கள். இரண்டு பதிவேடும் ஒத்துப்போனால் சந்தேகமில்லை. ஒன்றாம் வகுப்பில் டிசி இல்லாமலே சேர்த்திருந்தால் அந்தக் கலம் காலியாக இருக்கும். அப்போது கான்வென்ட் பதிவு ஒன்றே போதும், குழுப் புகைப்படம் துணைக்கு வரலாம்.

இந்த வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. மழைக்காலத்தில் நம் ஊர்க் காகிதம் ஈரம் இழுத்து, தாள்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தாளைப் பிரிக்க இழுத்தால் மையோடு பெயர்ந்து வரும். வெயிலில் காயப்போட்டால் முறுகிப்போகும். காற்றோட்டமான அறையில், இடையில் மையொற்றுத் தாள் வைத்து, தானாக உலர விட வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம், கவிழ்த்து அழுத்தும்போது முதுகுத் தையல் விட்டுப்போகும். மேலிருந்து கைபேசியில் படம் எடுங்கள். மங்கிய பென்சில் எழுத்தை, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் படிக்கலாம்.

மலரில் பெயரோடு படித்த ஆண்டும் வகுப்பும் கட்டாயம் வர வேண்டும்: '1958–60, 1, 2-ஆம் வகுப்பு' என்பதுபோல. இரண்டு ஆண்டு படித்தவரைப் பள்ளியே உருவாக்கியதாக எழுதுவது நேர்மையல்ல. பதிவேட்டில் சாதியும் தந்தையின் தொழிலும் இருக்கும். அவற்றையும் பிறந்த தேதியையும் அச்சிடவே கூடாது. உயிரோடு இருப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி அலுவலகப் பணியாளர்கள் சிலர்,
குன்னூர்