ஹாஜிகளை வாசலில் கொஞ்சம் நிற்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹஜ் பயணம் முடித்து ஹாஜிகள் ஊர் திரும்பும் நேரம் இது. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு இந்த வருஷம் மூன்று பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் என் அண்ணன்.

அவர் காரிலிருந்து இறங்கியதும் சால்வை, மாலை, செல்போனில் படம். அப்படியே உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டோம். எதிர்வீட்டுப் பெண் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கேட்டோரம் நின்றதை நான் பார்த்தேன், கூப்பிடத்தான் இல்லை. பீடி சுற்றிப் பிழைப்பவள். மகனுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். "ஹாஜியார் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு துஆ (பிரார்த்தனை) செய்யச் சொல்லலாம்னு வந்தேன் லாத்தா, நேரம் தவறிப்போச்சு" என்று மறுநாள் சொன்னாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹாஜியைச் சந்தித்தால் ஸலாம் சொல்லி, கைகொடுத்து, அவர் வீட்டில் நுழையுமுன் உங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் என்று நபித்தோழர் இப்னு உமர் (ரலி) வழியாக ஒரு ஹதீஸ் (நபிமொழி) முஸ்னத் அஹ்மத் என்ற தொகுப்பில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். தீய பேச்சும் பாவமும் கலக்காமல் ஹஜ் செய்தவர், தாய் பெற்ற அன்றிருந்தது போலத் திரும்புகிறார் என்பது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ளதாயிற்றே. அப்படி வருகிறவரிடம் 'எனக்கும் கேளுங்க' என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வராது?

எங்கள் வாப்பா 1988-ல் பம்பாயிலிருந்து கப்பலில் போனவர். பயணம் சொல்லிக்கொள்ளப் போன இடத்தில் எல்லாம், அவரவர் தேவையைக் கேட்டு 40 பக்க நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். திரும்பியதும் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுதார். பயணம் முடிந்து வந்தால் நபிகளாரின் வழக்கம் அதுதான். அப்புறம் எங்கள் வீட்டுப் படியேறாமல் நின்று நோட்டைப் பிரித்தார். ஈரம் பட்டு ஓரமெல்லாம் உப்பியிருந்தது. தறிக்காரர் ஒருவரின் குமருக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும், ஒரு கிழவிக்குக் கண் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாசித்து வாசித்துக் கையேந்தினார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று ஆமீன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

வரவேற்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்பது நாள் பிரிந்திருந்த பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? ஆனால் சால்வையை உள்ளே வைத்துப் போடலாம். வாசலில் ஒரு பத்து நிமிடம் விடுங்கள். ஓரமாக நிற்பவர்களை முதலில் கூப்பிடுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தார் இதை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

ஹாஜி கேட்கும் மன்னிப்பு, ஹஜ் மாதத்துக்கு அடுத்த மூன்றாம் மாதமான ரபீஉல் அவ்வல் இருபது வரை ஏற்கப்படும் என்று கலீஃபா உமர் (ரலி) சொன்னதாக இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். அதை அண்ணனிடம் சொன்னேன். மஃக்ரிப் தொழுத கையோடு மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அந்தப் பையன் பாயில் எழுந்து உட்கார்ந்து, முதல் ஆளாகக் கையேந்தினான்.

ஒரு வாசகி,
மேலப்பாளையம்