சேற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு,

மத்திய இந்தியப் பெருங்கடலில் உலோக முடிச்சுகளை, அதாவது கடலடியில் கிடக்கும் உலோகம் செறிந்த கட்டிகளை, ஆராய இந்தியா 2002-ல் ஒப்பந்தம் பெற்ற 75,000 சதுர கி.மீ. பரப்பைப் பற்றிய செய்திகள் மாங்கனீசு, நிக்கல் கணக்கோடு முடிந்துவிடுகின்றன. உலோக முடிச்சுகள் கிடக்கும் அந்தச் சேற்றில் வாழும் உயிர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய பிராணிகள் அவை. பெரும்பகுதி உருளைப்புழுக்கள், அடுத்து இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணிய கோபிபாடுகள், அரிதாக நீர்க்கரடிகள் எனப்படும் எட்டுக்கால் நுண்பிராணிகள். மேல் சில சென்டிமீட்டரில்தான் இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. முடிச்சு அள்ளும் இயந்திரம் வழித்தெடுப்பதும் அந்த அடுக்கைத்தான்.

தோண்டுவதற்கு முன் எடுக்கும் உயிர்களின் கணக்கு குறைந்துபோனால், தோண்டிய பிறகு ஏற்படும் இழப்பும் சிறிதாகவே தெரியும். கணக்கு குறைய வழிகள் பல. கடலடிச் சேற்றைப் பெட்டியாக வெட்டியெடுக்கும் பாக்ஸ் கோரர் இறங்கும்போது அது தள்ளிவரும் நீரே சேற்றின் மேல் படிந்த பஞ்சுபோன்ற படலத்தைக் கலைத்துவிடும். மெதுவாகக் குழாய்களை இறக்கும் மல்டிகோரரில் அந்தப் படலம் கலையாமல் வரும். குழாயில் சேற்றுக்கு மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் குழாய் நல்லது. கலங்கியிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ஒரே இறக்கத்தில் ஒரே இடத்திலிருந்து வந்த எட்டுக் குழாய்களை எட்டுத் தனி மாதிரிகளாக எண்ணுவதும் பிழை.

சல்லடை 32 மைக்ரானாக இருக்க வேண்டும். 63 மைக்ரான் என்றால் இளம் புழுக்கள் நழுவிவிடும். சலித்த சேற்றை 1.18 அடர்த்தியுள்ள லூடாக்ஸ் என்ற சிலிக்கா கரைசலில் கலந்து மூன்று முறை சென்ட்ரிபியூஜில் சுற்றினால் பிராணிகள் மேலே மிதந்து வரும். அதற்கு முன் நன்னீரில் நன்றாக அலசாவிட்டால், எஞ்சிய உப்பு பட்டு லூடாக்ஸ் கூழாகி மாதிரியே வீணாகும். ரோஸ் பெங்கால் சாயம் ஏறிய புழு, நுண்ணோக்கியில் சாம்பல் நிறத் துகள்களுக்கிடையே வளைந்த இளஞ்சிவப்பு நூலாகத் தெரியும். அண்மையில் செத்ததும் அதே நிறம் கொள்ளும் என்பதால் சாயத்தை மட்டும் நம்பி உயிருள்ளது என எழுதக் கூடாது.

பசிபிக் பெருங்கடலின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் 1978-ல் முடிச்சு அள்ள ஓட்டிப் பார்த்த ஒரு சோதனை இயந்திரத்தின் தடத்தை 2004-ல் ஆராய்ந்தபோது, உருளைப்புழுக்கள் சுற்றுப்புறத்தைவிட எண்ணிக்கையிலும் வகையிலும் குறைவாகவே இருந்தன. 26 ஆண்டுகளுக்குப் பிறகும் இதுதான் நிலை.

ஆகவே சுரங்கச் சோதனை பற்றி எழுதும் செய்தியாளர்கள் எந்தக் கோரர், எந்தச் சல்லடை, எத்தனை இறக்கங்கள் என்று கேட்டு எழுத வேண்டுகிறேன். இன்னொன்றையும் கேளுங்கள்: பார்மலினில் போட்டதில் டி.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதால், மாதிரியில் ஒரு பங்கை உறையவைத்துத் தனியே பாதுகாத்திருக்கிறார்களா?

கடலடி உயிரின ஆய்வாளர், சென்னை