ஓடுபாதையில் காட்டுப்பன்றி

ஆசிரியருக்கு,

விமானத்துக்கு விலங்குகளால் ஆபத்து என்றாலே பறவைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். 2014 நவம்பரில் சூரத்தில் புறப்பட ஓடிக்கொண்டிருந்த போயிங் விமானம் எருமை மீது மோதியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜபல்பூரில் தரையிறங்கிய கியூ400 விமானம் காட்டுப்பன்றிகள் மீது மோதி, ஓடுபாதையை விட்டே விலகிப் போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அத்தோடு பேச்சும் அடங்கிவிட்டது.

பெரிய விமானங்களுக்கே இந்தக் கதி என்றால் பயிற்சி விமானங்களை என்ன சொல்ல? பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 ஆளும் எரிபொருளும் சேர்த்தே சுமார் 1,100 கிலோதான். நீலகாய் என்ற பெரிய மறிமானில் வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். அதுகூட வேண்டாம், புரொப்பல்லர் தரையை ஒட்டிச் சுற்றுவதால் ஒரு தெருநாய் குறுக்கே வந்தாலே போதும். ஓட்டுபவரோ பல நேரம் கற்றுக்குட்டி.

அமெரிக்காவில் மான் தொல்லை உள்ள விமான நிலையங்களுக்கு 10 முதல் 12 அடி உயர வேலியைப் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊர்ப் பன்றிக்கு உயரம் மட்டும் போதாது. அடியில் தோண்டி நுழைந்துவிடும். வேலியை மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும். அப்புறம், விடியலிலும் அந்தியிலும் விமானம் ஓடும் முன் ஒரு ஜீப் ஓடுபாதையைச் சுற்றி வரட்டும். பயிற்சிப் பள்ளிகள் உள்ள சிறு ஓடுதளங்களில் இவ்விரண்டையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்