இடது கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மற்ற சேதிகள் அடுத்த கடிதத்தில். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு, ஏகப்பட்ட பட்டன் இருக்கிறது, விளக்கு எரிகிறது என்று ஒரு ஜாய்ஸ்டிக்கை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பொறுடா.

நீ திரையில் ஓட்டுவது பெரும்பாலும் செஸ்னா 172 என்ற சின்ன விமானம். அதற்கு எத்தனை பட்டன் வேண்டும்? மூக்கை ஒரே நிலையில் நிறுத்தி வைக்க ட்ரிம், பிரேக், இறக்கையின் பின்விளிம்பை இறக்க ஃபிளாப், சுற்றிலும் பார்க்க ஒரு ஹேட் சுவிட்ச். இவை விரலுக்கு எட்டினால் போதும், மிச்சத்துக்குக் கீபோர்டு இருக்கிறது. ஓடுபாதையை நெருங்கும்போது உன் கை செய்வதெல்லாம் நடுவிலிருந்து அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் நகர்த்துவதுதான். அந்தச் சிறிய அசைவை உள்ளது உள்ளபடி சொல்லும் ஸ்டிக்தான் நல்ல ஸ்டிக். நடுவில் தொளதொளவென்று ஆடினாலோ, நடுவைத் தாண்டும்போது தட்டினாலோ எத்தனை பட்டன் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

விலை குறைந்த பல ஸ்டிக்குகளுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கரித்தடத்தின் மேல் ஒரு முனை உரசிக்கொண்டே நகரும். நாளாக ஆகத் தடம் தேயும், தூசி படியும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும்போது கரகரவென்று கேட்குமே, அதுவும் இதனால்தான். ஸ்டிக்கில் அது சத்தமாக வராது. நீ அசைக்காமலே விமானத்தின் மூக்கு துள்ளும். கேப்டன் என்று நாம் கூப்பிடும் நம் நண்பனின் விமானம் எப்போதும் இடப்பக்கமே சாய்ந்த கதைக்கு இதுதான் விளக்கம் என்று அவனிடம் சொல், சந்தோஷப்படுவான். டெட்ஸோன் வைத்து இதை மறைக்கலாம். ஆனால் அப்போது நடுவில் கொஞ்ச தூரத்துக்கு ஸ்டிக்கை அசைத்தாலும் விமானம் அசையாது. நமக்கு வேண்டிய இடமே அதுதானே!

ஹால் சென்சாரில் இந்த உரசலே கிடையாது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு அது. காந்தம் நகர, அதன் புலத்தைச் சென்சார் தொடாமலே அளக்கிறது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்ற ஸ்டிக்கில் முன்பின், இடவலம் இரண்டுக்கும் இதுதான். 10 பிட் ஸ்டிக் ஓர் அச்சில் 1,024 நிலைகளைப் பிரித்தறியும்; இது 16,000 நிலைகளை. ஆனால் மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையான ரடருக்காகக் கைப்பிடியைத் திருகுகிறோமே, அந்த அச்சுக்கு அதிலும் பொட்டென்ஷியோமீட்டர்தான். அதனால் பெட்டியில் ‘ஹால்’ என்று பார்த்ததும் மயங்காதே, எந்தெந்த அச்சுக்கு என்று கேள்.

அப்புறம் உன் இடது கை. பல கைப்பிடிகளை வலது கைக்கென்றே வார்த்திருப்பார்கள். வலது கையைப் பழக்கிக்கொள்கிறேன் என்று நீ எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தில் தலைமை விமானி இடப்பக்கம் உட்கார்ந்து இடது கையால்தான், பக்கத்தில் இருக்கும் ஸ்டிக்கான சைட்ஸ்டிக்கைப் பிடிக்கிறார். உன் செஸ்னாவிலும் இடது இருக்கைக்காரருக்கு ஸ்டியரிங் போன்ற யோக் இடது கையில், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வலது கையில். நீ பிறவியிலேயே சரியான பக்கத்தில் இருக்கிறாய், அதை ஏன் மாற்ற வேண்டும்? டி.16000எம்-இல் சில பாகங்களைக் கழற்றி மாற்றினால் இடது கைக்குப் பொருந்தும். விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ என்ற ஸ்டிக்கில் இடது கைக்கென்றே தனி வடிவம் உண்டு, ஸ்பிரிங்கையும் மாற்றிக்கொள்ளலாம். உனக்கு நான் சொல்வது இரண்டாவதை.

ஸ்பிரிங்கைச் சொல்லக் காரணம் உன் தோள். தோள்வலியை ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. ஸ்டிக்கை மேசைமேல் வைத்தால் முழங்கை அந்தரத்தில் நிற்கும், கையின் பாரமெல்லாம் தோளில் இறங்கும். மணிக்கணக்கில் அப்படி ஓட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? ஏர்பஸ்ஸில் சைட்ஸ்டிக்கோடு உயரம் மாற்றக்கூடிய கைத்தாங்கியும் வைத்திருக்கிறார்கள். முன்கை அதில் சாய்ந்திருக்க, மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும். உனக்கும் அதுதான் வேண்டும். நாற்காலியின் கைப்பிடி மட்டத்துக்கு ஒரு கிளாம்ப் போட்டு ஸ்டிக்கைக் கீழே இறக்கு, இருப்பதிலேயே இளகிய ஸ்பிரிங்கைப் போடு. நம் கேப்டன், த்ரஸ்ட்மாஸ்டரின் வார்ட்ஹாக் என்ற ஸ்டிக்கைத்தான் வாங்கச் சொல்வான். ஏ-10சி போர்விமானத்தின் கைப்பிடியைப் பார்த்துச் செய்த அருமையான பொருள் அது, மறுக்கவில்லை. ஆனால் விறைப்பான ஸ்பிரிங், வலது கைக்கான வார்ப்பு, திருகும் அச்சும் இல்லை. ரடருக்குத் தனியாகப் பெடல் வேண்டும். உன் தோளுக்கு அது ஆகாது. மருத்துவரையும் பார்த்துவிடு. இதில் விளையாடாதே.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய். கணினியின் அளவீட்டுத் திரையைத் திறந்து, ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி மெதுவாக விடு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் புள்ளி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு நடுவைச் சுற்றிச் சின்ன வட்டம் போடு. வட்டம் எங்காவது கோணலானாலோ துள்ளினாலோ தாமதிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு.

கிளாம்ப் எது சரிப்படும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். உன் நாற்காலிக் கைப்பிடியின் உயரத்தையும் மேசைப் பலகையின் தடிமனையும் அளந்து எழுது. மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் அதோடு சேர்த்து எழுது.

உன்,
ரவி