டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி: சேலம் மாவட்ட ஆட்சியருக்கும் அரசு மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கும், நம் மாவட்டத்தின் அரசு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

குடிநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே, என்றைக்கு, எத்தனை மணிக்கு நடக்கிறது என்ற வரி.

என் தம்பி வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறான். பல வருடக் குடி. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்றினார்கள், அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. கை நடுக்கம் நின்றது, தூக்கம் வந்தது, வயிறாரச் சாப்பிட்டான். அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, "இனிமே குடிக்காதப்பா" என்றார்கள். அவ்வளவுதான். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தது, பட்டறை ஆட்கள் எப்போதும்போலக் கிளம்பினார்கள், இவனும் கூடப் போனான். ஏஏ கூட்டம் என்று ஒன்று இருப்பதை எங்களுக்குச் சொன்னது, அதே வார்டில் ஒரு காலத்தில் படுத்திருந்த ஒருவர். அதுவும் கடைவீதியில் தற்செயலாகப் பார்த்தபோது. அவர் அன்று அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மருத்துவமனையின் வேலையைக் கூட்டம் செய்ய முடியாது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதை ஒட்டியே சித்தப்பிரமை பிடித்தாற்போல ஆகி, இல்லாத ஆட்களோடு பேசுவார்கள். உயிரே போகலாம். வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்கும் குடும்பங்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆபத்தான நாட்கள் தாண்டிய பிறகு வருவது நீண்ட காலம். அதில் கல்யாணம் வரும், சாவு வரும், சம்பள நாள் வாராவாரம் வரும். அப்போது பக்கத்தில் இருக்க வேண்டியவர் அதே கஷ்டத்தைப் பட்டு வெளியே வந்த இன்னொருவர்தான். நான் அக்கா. எவ்வளவு அழுதாலும் என் பேச்சு அவனுக்குப் புத்திமதியாகத்தான் கேட்டது. ஏஏ கூட்டத்தில் பேசுகிறவர்கள் யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, தங்கள் கதையைச் சொன்னார்கள்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொடிந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இந்தியாவுக்கு 1957இல் வந்தது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. முழுப் பெயரைக் கேட்பதில்லை, அங்கே பேசியது வெளியே போவதில்லை. பல ஊர்களில் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ கூடுவதால், மதம் சம்பந்தப்பட்டதோ என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். எந்த மதத்தோடும் கட்சியோடும் அதற்குத் தொடர்பில்லை. இதையும் மருத்துவர் வாயால் சொன்னால் நம்புவார்கள்.

நான் உங்களுக்கு எழுதக் காரணம் இதுதான். இந்தக் குழுக்கள் ஆள் பிடிக்க விளம்பரம் செய்வதில்லை, வெளியாரிடம் பணமும் வாங்குவதில்லை. அது அவர்களுடைய மரபு. ஆனால் 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற போஸ்டரைச் சுவருக்குச் சுவர் பார்க்கலாம். என்ன மருந்து என்றே தெரியாமல் தாய்மார்கள் அதை வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். ஆபத்தான பொடிக்கு விலாசம் இருக்கிறது. இலவசமாக நடக்கும் கூட்டத்தின் விலாசம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இதே சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது. 2003இலிருந்து அரசே மதுவைச் சில்லறையில் விற்கிறது. கடையை மூடுவதா வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. மதியம் 12 மணிக்குத் திறக்கும் கடை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, சாயங்காலம் நடக்கும் கூட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் ஏற்காடு. எஸ்டேட்டில் வேலை செய்பவர் சாயங்காலம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து, கூட்டம் முடிந்து மறுபடி மலையேறி, அங்கிருந்து எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடக்க முடியுமா? மலையிலேயே வாரம் ஒரு முறை ஓர் அரசுப் பள்ளி அறையையோ மருத்துவமனையின் ஓர் அறையையோ திறந்துவிடுங்கள். இலவசமாகத் தர வேண்டாம். சிறு வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அதிகாரிகள் தொடங்கிவைப்பது, போட்டோ எடுப்பது, வந்தவர்களின் பட்டியல் கேட்பது எதுவும் வேண்டாம். பெயர் வெளியே தெரியும் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். பெண்கள் நிச்சயம் வரமாட்டார்கள்.

எங்களைப் போன்ற குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அதையும் சேர்க்கலாம். கூடவே மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446.

மருத்துவர்களே, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய திறந்த கூட்டங்களும் நடக்கும். ஒரு முறை வந்து பின்வரிசையில் உட்காருங்கள். அடுத்த நோயாளியிடம் "அங்கே போங்க, நான் போய்ப் பார்த்திருக்கேன்" என்று உங்களால் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
குடியிலிருந்து மீண்டுவரும் ஒருவனின் அக்கா,
அம்மாபேட்டை, சேலம்.