‘இல்லை’ என்பது ஒரு மதத்தின் பெயரன்று

இந்தியத் தலைமைப் பதிவாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருமான தங்களுக்கு வணக்கம்.

2011 பிப்ரவரியில் என் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. திண்ணையில் அமர்ந்து, மடியில் அட்டையை வைத்து, என் பெயரை எழுதிய கையோடு மதத்துக்குரிய கட்டத்தில் 1 என்று போட்டுவிட்டார். “எனக்கு மதம் இல்லைங்க” என்றேன். “பேர் இந்துப் பேர்தானே சார்?” என்றார். நான் வற்புறுத்தியபின் அதை அடித்துவிட்டு, “அப்ப மதம் நாத்திகம்னு எழுதிடவா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்து முதல் சமணம் வரை ஆறு மதங்களுக்கு எண் கொடுத்திருந்த அந்தப் படிவம், மற்றவர்கள் தங்கள் மதத்தின் பெயரை முழுமையாக எழுத வேண்டும் என்றது. மதமே இல்லாதவர் எதன் பெயரை எழுதுவார்?

அந்தக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 33 ஆயிரம் பேர். அவர்களும் ‘பிற மதங்களும் நம்பிக்கைகளும்’ என்ற தொகுப்புக்குள்தான் வைக்கப்பட்டார்கள். ‘மதம் குறிப்பிடாதோர்’ 28 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் 1,88,586 பேர். இவர்களில் மதம் இல்லை என்று சொன்னவர் எத்தனை பேர், சொல்ல மறுத்தவர் எத்தனை பேர் என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய வழியில்லை.

கடவுள் இல்லை என்பதும் ஒரு நம்பிக்கைதானே என்று என் ஆத்திக நண்பர்கள் கேட்பதுண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்பவர் ஒரு கருத்தை முன்வைக்கிறார்; அதற்குக் காரணம் காட்டும் பொறுப்பு அவருக்கு உண்டு. உண்டு என்பதற்கான சான்று போதவில்லை, ஆகவே ஏற்கவில்லை என்று நிற்பவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. நான் இந்த இரண்டாம் வகை. ஆனால் முதல் வகையினரின் கருத்தும், வழிபாடோ சடங்கோ பிறப்புவழி உறுப்பினரோ இல்லாத நிலையில், மதமாகிவிடாது. தவிரவும், தங்கள் படிவம் கேட்பது கடவுளைப் பற்றியே அன்று. படைத்த கடவுளை ஏற்காத சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் அதில் எண் உண்டு. கடவுளை நம்பியும் எந்த மதத்திலும் சேராதவருக்கு இல்லை. (மணிமேகலைக் காப்பியத்திலும், பூதங்களின் சேர்க்கையே உலகம் என்னும் பூதவாதி, தம் சமயக் கொள்கையை எடுத்துரைக்கும் சமயக்கணக்கர் வரிசையில்தான் நிற்கிறான் என்று யாரேனும் சொல்லலாம். அது வாதம் கேட்கப் போனவளின் வரிசை. அரசின் கணக்கு அன்று.)

இது வெறும் சொற்போர் என்று தாங்கள் கருதினால், பட்டியல் சாதிக் கட்டத்தைப் பாருங்கள். இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோரை மட்டுமே அதில் பதியலாம் என்பது 2011இன் விதி. மதம் இல்லை என்று சொல்லும் பட்டியல் சாதி இளைஞர் ஒருவர், அப்படிச் சொன்ன அக்கணமே அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். இந்த விதிக்கு அடிப்படையான 1950ஆம் ஆண்டு ஆணையோ, இம்மூன்றிலிருந்து வேறான மதத்தைப் பின்பற்றுவோரைத்தான் விலக்குகிறது. மதமே இல்லாதவர் வேறு மதத்தைப் பின்பற்றுபவர் ஆகார் என்று வாதிட இடமிருக்கிறது. நாத்திகத்தையும் மதங்களோடு சேர்த்து எண்ணினால் அந்த இடமும் அடைபட்டுப்போகும். கோயிலுக்குப் போகாமலே ‘இந்து’ என்று எழுதிவிட்டு வருபவர்களை நான் அறிவேன். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் ‘மதம் இல்லை’ என்பது தனி விடையாகவே தரப்படுகிறது. 2021இல் அதைத் தேர்ந்தவர்கள் 37.2 விழுக்காட்டினர். இங்கே அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சில லட்சங்களே ஆனாலும் அவர்களை அவர்கள் சொன்ன பெயரிலேயே எண்ணலாம்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் ‘மதம் இல்லை’ என்பதற்குத் தனிக் குறியீடு தாருங்கள். அதை ‘பிற மதங்கள்’ தொகுப்பிலும் ‘குறிப்பிடாதோர்’ தொகுப்பிலும் கலக்காமல் வெளியிடுங்கள். அந்த விடையைச் சொன்னதற்காக எவரையும் பட்டியல் சாதிக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். பெயரை வைத்து ஊகிக்காமல், கேட்டபின் பதியுமாறு கணக்கெடுப்பாளர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தவும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
2011இல் எந்தத் தொகுப்பில் எண்ணப்பட்டேன் என்று இன்றுவரை அறியாத ஒரு குடிமகன்