செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய இரும்பில் மானும் ஆமையும்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே இது பழைய இரும்பில் உருவங்கள் செய்யும் நமது பட்டறை வேலை பற்றியது மட்டுமே.

இவ்வாண்டின் முதன்மை வேலை புள்ளிமான். பிரெட்ரிக் கோட்டையிலும் கடற்கரையிலும் மானைத் தினமும் பார்க்கிற ஊர் இது. கொம்பு பிழைத்தால் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். ஒரு கொம்புக்கு மூன்று முனை: அடியில் ஒன்று, உச்சியில் கவராகப் பிரியும் இரண்டு. 12 மி.மீ. கொங்கிறீட் கம்பியின் வரிகளை அரைத்தெடுத்த பின்பே வளைக்க வேண்டும். உடலுக்குச் சைக்கிள் செயின், புள்ளிகளுக்கு வாசர். பாரம் முழுவதும் மெல்லிய கால்களில் இறங்குவதால், நான்கு காலுக்குள்ளும் 16 மி.மீ. கம்பியை 6 மி.மீ. அடித்தட்டு வரை இறக்கி வெல்டிங்கால் ஒட்டி, அதன்மேல் செயினைச் சுற்றினோம். செயினை மட்டும் நம்பினால் முழங்காலில் மடியும்.

செயினைச் சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் அவித்துக் கழுவாமல் ஒட்டக்கூடாது. எண்ணெய் மிஞ்சினால் ஒட்டில் ஊசித்துளை விழும், முதல் துரு அங்கேதான் பிடிக்கும். 2.5 மி.மீ. வெல்டிங் குச்சிக்கு 70 முதல் 80 அம்பியர். மெல்லிய தகட்டுக்கு 2 மி.மீ. குச்சியும் 50 அம்பியரும் போதும், கூட்டினால் தகடு ஓட்டையாகும்.

கண்ணுக்கு வைக்கும் பெயாரிங் குண்டு கரி கூடிய உருக்கு. நேரே ஒட்டினால் ஆறும்போது வெடித்துக் கழன்றுவிடும். குண்டை ஒரு நட்டுக்குள் இருத்தி, கண்மடல்போல் ஒரு தகட்டுப் பட்டியை மேலே வளைத்து, பட்டியின் இரு நுனிகளையும் நட்டோடு ஒட்டுவதே சிறந்த வழி. பார்வைக்கும் உயிர் வருகிறது.

ஆமை ஓட்டுக்கு இரும்புத் தாச்சி மட்டுமே ஏற்றது. அலுமினியத் தாச்சி இரும்போடு ஒட்டாது. ரிவெட் அடித்தாலும் உப்புக்காற்றில் இரும்பைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துவிடும்.

நமது உண்மையான எதிரி இந்தக் கடற்காற்று. துரு நிறம் அழகென்று வார்னிஷ் மட்டும் பூசிய உருவங்களில், வார்னிஷுக்கு அடியிலேயே துரு படர்ந்து செதிலாக உரிகிறது. அரைத்த இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே சிவக்கும். அன்றே நாகம் (துத்தநாகம்) கலந்த பிரைமர் பூச வேண்டும். வயிறு, கழுத்து போன்ற குழிவுகளின் அடியில் 8 மி.மீ. துளை போடாவிட்டால் மாரி மழைநீர் உள்ளே தங்கி, வெளிப்பூச்சு புதிதாய் இருக்கும்போதே உள்ளிருந்து தின்றுவிடும். வெளியில் நிற்கும் உருவங்களை மாதம் ஒருமுறை நன்னீரால் கழுவுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை. கல்வனைஸ் குழாயை நாகப்பூச்சு நீக்காமல் ஒட்டினால் வெண்புகை எழும், இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடிப்பது இதற்குக் காப்பாகாது. வாயு அடைத்த ஷொக் அப்சோபரை வெட்டவோ சூடாக்கவோ கூடாது. யுத்தம் நடந்த மண் இது. இரும்புக்கடைக் குவியலில் இன்னதென்று தெரியாத உருளையோ கூம்போ கண்டால் தொடாமல் விலகிப் பொலிஸுக்கு அறிவியுங்கள். வீதிக் கான் மூடி, தண்டவாளத் துண்டு, மின்கம்பி ஆகியவற்றை யார் கொண்டுவந்தாலும் ஏற்கமாட்டோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகளைச் சபை முன் வைக்கிறேன்: வெல்டிங் குச்சிகளை மாரியில் உலர்வாக வைக்க ஒரு சூடேற்றும் பெட்டி வாங்குதல், விற்கும் ஒவ்வொரு உருவத்துடனும் பராமரிப்புத் தாள் ஒன்று கொடுத்தல்.

செயலாளர்,
திருகோணமலை